புது பட்ஜெட் லேப்டாப்பா, புதுப்பித்த பிசினஸ் லேப்டாப்பா?

உழைப்பு: மலிவான புதுசில் ஹிஞ்ச் (திரை மடங்கும் கீல்) திருகுகள் பெரும்பாலும் பிளாஸ்டிக்கில்தான் பதிந்திருக்கும், மூலை பிளப்பது அதனால்தான். பிசினஸ் மாடல் இதில் கெட்டி.

ரேம்: புதுசில் பலசமயம் 8 ஜிபி போர்டிலேயே சால்டர் ஆகியிருக்கும், கூட்ட முடியாது. பழையதில் ஸ்லாட் இருந்தால் 16 ஆக்கலாம். ஸ்டோரேஜ் (ஃபைல்கள் சேமிக்கும் இடம்) 64 ஜிபி இஎம்எம்சி, அதாவது மலிவான ஃபிளாஷ் மெமரி, என்றிருந்தால் தொடவே வேண்டாம். விண்டோஸ் அப்டேட்டுக்கே இடம் திணறும்.

பேட்டரி: புதுசுதான். பழையதில் பேட்டரி ரிப்போர்ட் (பேட்டரியின் நிலையைக் காட்டும் விண்டோஸ் அறிக்கை) எடுத்துப் பாருங்கள். டிசைன் கெப்பாசிட்டி (புதிதில் இருந்த கொள்ளளவு) 50,000, ஃபுல் சார்ஜ் (இப்போதைய கொள்ளளவு) 30,000 என்றால் 60%தான் மிச்சம். மாற்றும் செலவையும் விலையோடு கூட்டுங்கள்.

விண்டோஸ்: 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது. அதனால் விண்டோஸ் 11 ஓட வேண்டும்; பிராசசர் இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள்.

மேசையில் சார்ஜரோடு கிடக்கப் போகிறதா, பழையது. சோபா, மொட்டைமாடி என்று சுற்றுமா, புதுசு.