அடிநாக்குத் தைராய்டு: மாத்திரையா, அறுவையா, ரேடியோ அயோடினா?

அடிநாக்கில் இருக்கும் கட்டி உண்மையில் தைராய்டு சுரப்பிதான் என்று தெரியவந்ததும் வீட்டில் எல்லோரும் கேட்ட கேள்வி, வெட்டி எடுத்துவிட்டால் தீர்ந்துவிடாதா என்பதுதான். என் மகளுக்காக இந்த மூன்று வழிகளையும் எடைபோட்டு மாத்திரையைத் தேர்ந்தவள் என்ற முறையில், எனது சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கருவில் தைராய்டு உருவாகும் இடம் நாக்கின் அடி. அங்கிருந்து இறங்கி, ஏழாவது வாரவாக்கில் மூச்சுக்குழாயின் முன்னால் வந்து சேர வேண்டிய சுரப்பி, மிகச் சிலருக்குப் பாதியிலேயே நின்றுவிடுகிறது. இடம் மாறி நிற்பவற்றில் பத்தில் ஒன்பது, அடிநாக்கிலேயே தங்கிவிட்டவை. பெண்களிடமே இது அதிகம்; பருவ வயதிலும் கர்ப்ப காலத்திலும் பெரிதாகி வெளிப்படுகிறது. என் மகளுக்கும் பருவ வயதில்தான், சோறு விழுங்கும்போது ஏதோ தடுக்கிறது என்ற புகாருடன் தொடங்கியது. நாக்கை நன்றாக நீட்டினால் பின்புறத்தில் இளஞ்சிவப்பாக, வழவழப்பாக, மேலே மெல்லிய இரத்தக் குழாய்கள் ஓடும் ஒரு மேடு தெரியும்.

கண்டறியும் கட்டத்தில் பயாப்சியா (திசுவைக் கிள்ளி எடுத்துச் சோதிப்பது), ஸ்கேனா என்பதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. இரத்த ஓட்டம் மிகுந்த இந்தத் திசுவைக் கிள்ளினால் கடுமையாக இரத்தம் கசியக்கூடும் என்பதால், புற்றுநோய்ச் சந்தேகம் வலுவாக இல்லாதவரை பயாப்சியைத் தவிர்ப்பதே நல்லது. கழுத்து அல்ட்ராசவுண்ட், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச்.சின் அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனை, சிறிதளவு கதிரியக்கப் பொருளைச் செலுத்தித் தைராய்டு திசு எங்கே இருக்கிறது என்று பார்க்கும் டெக்னீசியம் ஸ்கேன் ஆகிய மூன்றும் சேர்ந்தே பெரும்பாலும் விடை தந்துவிடும். மகளின் ஸ்கேன் படத்தில் கழுத்தில் சுரப்பி இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. மேலே, தாடைக்கு நேராக, ஒரே ஒரு கரும்புள்ளி.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது அந்த வெறுமைதான். அடிநாக்குத் தைராய்டு உள்ளவர்களில் சுமார் 70 விழுக்காட்டினருக்கு உடலில் வேறு தைராய்டு திசுவே கிடையாது. பெரும்பாலும் இந்தச் சிறு சுரப்பியால் தேவையான அளவு சுரக்க முடிவதில்லை, அதனால் டி.எஸ்.எச். ஏறுகிறது, ஏறிய டி.எஸ்.எச். சுரப்பியைத் தூண்டித் தூண்டி வீங்கச் செய்கிறது. தைராய்டு ஹார்மோனான தைராக்சின் மாத்திரை குறைபாட்டை நிரப்புவதோடு டி.எஸ்.எச்.சையும் இறக்குகிறது என்பதால், வீக்கத்தின் காரணமே அடங்கி, மேடு மெல்ல மெல்லச் சுருங்க வழி பிறக்கிறது. அறுவை செய்தாலோ, மேடு ஒரே நாளில் போய்விடும். ஆனால் மாத்திரை போகாது. இப்போது சில நாட்கள் மாத்திரை தவறினாலும் அவளுடைய சொந்தச் சுரப்பி ஓரளவு கைகொடுக்கும். அதை எடுத்துவிட்டால், வாழ்நாள் முழுவதும் அந்தப் புட்டியை மட்டுமே நம்பியிருக்க வேண்டும். எடுத்த சுரப்பியை உடலில் வேறிடத்தில் பதியவைக்கும் முயற்சிகளும் உண்டு. அவை பிடிக்கும் என்று யாரும் உறுதி சொல்வதில்லை.

மாத்திரையின் பராமரிப்பும் எளிதென்று சொல்லிவிட முடியாது. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அளவை மாற்றும்போதெல்லாம் ஆறு முதல் எட்டு வாரங்களில் மீண்டும் இரத்தப் பரிசோதனை. மேடு சீக்கிரம் சுருங்கட்டும் என்று அளவைக் கூட்டினால் படபடப்பும், நாளடைவில் எலும்புத் தேய்மானமும் வரக்கூடும். சுருக்கமும் உடனே வருவதில்லை. எங்களுக்குப் பல மாதங்களுக்குப் பிறகுதான் விழுங்குவதில் வித்தியாசம் தெரிந்தது. எல்லோருக்கும் இதே அளவு பலன் கிடைக்குமா என்பதை ஒரு பிள்ளையின் அனுபவத்தை வைத்து நான் சொல்லக் கூடாது.

சுரப்பித் திசுவைக் கதிரியக்கத்தால் அழிக்கும் ரேடியோ அயோடின் எங்களுக்கு ஒரு வழியாகவே அமையவில்லை. அறுவையைத் தாங்க முடியாத பெரியவர்களுக்கு அது பயன்படலாம். கர்ப்பிணிகளுக்குக் கூடாது, சிறு வயதினருக்குப் பொதுவாகத் தவிர்க்கிறார்கள். கொடுத்த பிறகு சுரப்பி தற்காலிகமாக வீங்கி மூச்சுவழியை நெருக்கும் அபாயமும் உண்டு. அதிலும் கடைசியில் மாத்திரைதான்.

அறுவையே சரியான வழியாக இருப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். மூச்சுத் திணறல், கட்டியிலிருந்து இரத்தக் கசிவு, புண், மாத்திரைக்கு அடங்காத வளர்ச்சி, அரிதாகப் புற்றுநோய்ச் சந்தேகம் ஆகியவை இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. இப்போது வாய்வழியாகவே, சில இடங்களில் ரோபோ உதவியுடனும், செய்கிறார்கள். அதில் சிரமம் எவ்வளவு என்பது எங்களுக்கு அனுபவமில்லாத விஷயம். மகளுக்கு மேற்சொன்ன அறிகுறிகளில் ஒன்று வந்தாலும் அறுவைக்குச் சம்மதிப்பது என்று மருத்துவரிடம் பேசி வைத்திருக்கிறோம்.

மாத்திரையோடு தொடர்பவர்கள் ஸ்கேன் அறிக்கையின் நகலை எப்போதும் கைவசம் வைத்திருக்க வேண்டும். பல் அறுவையோ பிரசவமோ எதுவானாலும், அடிநாக்கு மேடு சுவாசக் குழாய் பொருத்துவதைக் கடினமாக்கக்கூடும் என்பதால், மயக்க மருந்து கொடுப்பவர் அதை முன்கூட்டியே பார்த்தாக வேண்டும்.