நான்கு ஆண்டு யோயோ பயிற்சி: எறிதலும் நூலும் கற்றுத்தந்தவை

அலுமினியத்தால் ஆன, சுமார் 65 கிராம் எடையுள்ள ஒரே யோயோவை நான்கு ஆண்டுகளாக அநேகமாக நாள்தோறும் சுழற்றி வருகிறேன். அதற்கு முன் ஓராண்டு, லேசாக இழுத்தாலே கைக்கு ஏறிவரும் பிளாஸ்டிக் யோயோவில் பழகினேன். இத்தனை நாள் பழக்கத்தில், புதிய வித்தை ஒன்று கைகூடாதபோது நான் முதலில் ஆராய்வது எறிதலைத்தான்.

இழுத்தாலும் திரும்பாத யோயோவுக்கு மாறிய முதல் வாரம் மிகவும் கடினமாக இருந்தது. இதன் இரு பாதிகளுக்கும் நடுவே இடைவெளி அகலமானது. அச்சில் மாட்டிய, தனியே சுழலும் வளையமான பேரிங்கின் மேல் நூல் தளர்வாக அமர்ந்திருப்பதால், எவ்வளவு இழுத்தாலும் யோயோ அடியிலேயே சுழன்றுகொண்டிருக்கும். நூலை மடித்து அந்த இடைவெளிக்குள் ஊட்டி, உட்சுவரில் உள்ள சிலிக்கான் வளையங்கள் அதைப் பற்றிக்கொள்ளும்படி செய்தால்தான் மேலேறும். இதைத்தான் பைண்ட் என்கிறோம். மடிப்பு பெரிதாக இருந்தால் நூல் தாறுமாறாகச் சுற்றிச் சிக்கிக்கொள்ளும், சிறிதாக இருந்தால் பிடிக்காமல் வழுக்கிவிடும். பத்து நாட்கள் வேறெதையும் முயலாமல் பைண்டை மட்டும் பழகியது சரியான முடிவென்று இன்றும் கருதுகிறேன். நூலை அச்சில் முடிச்சுப் போடாமல் வளையமாக மாட்டுவதால்தான் யோயோவால் அடியில் நின்று சுழல முடிகிறது; 1928இல் கலிபோர்னியாவில் பெட்ரோ ஃப்ளோரஸ் தயாரித்து விற்ற யோயோக்களிலும் இந்த வளையமே இருந்தது.

அடுத்துப் பழகிய வித்தை டிராபீஸ். பக்கவாட்டில் எறிந்த யோயோ உடலுக்கு முன்னே அரைவட்டமாக வரும்போது, மறுகையின் ஆட்காட்டி விரலை நூலில் வைத்தால், யோயோ அவ்விரலைச் சுற்றி வந்து நூலின் மேலேயே அமரும். அங்கிருந்து இரு கைகளையும் விலக்கி, யோயோவை மேலே துள்ளவைத்து மீண்டும் அதே நூலில் ஏந்துவது ஈலை ஹாப்ஸ். இதற்கு எனக்கு இரண்டு மாதங்கள் பிடித்தன. மூன்றாவது துள்ளலில் யோயோ தவறாமல் சாய்ந்துவிடும். சாய்ந்தவுடன் நூல் ஒரு பக்கச் சுவரில் உரசும், அந்த உரசலில் சுழற்சி விரைவாகக் குறைந்து போகும். கைகளின் வேகத்தைத்தான் திருத்த வேண்டும் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். பிறகு ஒருநாள் கண்ணாடி முன் நின்று பார்த்தபோது, எறியும் கணத்திலேயே என் மணிக்கட்டு சற்று உள்நோக்கித் திரும்புவது தெரிந்தது. முழங்கையை மடக்கி, மணிக்கட்டு தோளுக்கு நேராக இறங்கும்படி எறியத் தொடங்கிய சில நாட்களில், அதே கைகளால் பன்னிரண்டு துள்ளல்கள் வந்தன.

இன்னொரு தடையாக இருந்தது நூலின் முறுக்கு. ஒவ்வொரு எறிதலும் முறுக்கைச் சிறிது கூட்டவோ குறைக்கவோ செய்யும். முறுக்கு மிகுந்தால், விரல்களுக்கிடையே விரித்துப் பிடிக்க வேண்டிய வளையங்கள் தாமாகவே சுருண்டு ஒட்டிக்கொள்ளும். அப்போது விரலிலிருந்து முடிச்சைக் கழற்றி, யோயோவைக் கீழே தொங்கவிட்டால், அது மெல்லச் சுழன்று முறுக்கைத் தானே அவிழ்த்துவிடும். நான் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இதைச் செய்கிறேன். பாலியஸ்டர் நூல் நைந்து மங்கத் தொடங்கியதும், அறும் வரை காத்திராமல் மாற்றிவிடுகிறேன். பயிற்சியின் நடுவே அறுந்தால் யோயோ எங்கே பாயும் என்று சொல்ல முடியாது.

பராமரிப்பு எளிது. பேரிங்கில் சத்தம் கூடினால் சுத்தம் செய்து, மெல்லிய எண்ணெய் ஒரே ஒரு துளி விட்டால் போதும். ஒருமுறை அளவு மீறி ஊற்றியதில், திரும்பாத யோயோ திடீரென்று கைக்கு ஏறி வந்து விரல் மூட்டில் பலமாக அடித்தது.

புதிதாகத் தொடங்குவோருக்கு, மெல்லியதும் அகலமானதுமாக இரண்டு பேரிங்குகளுடன் வரும் யோயோவைப் பரிந்துரைப்பேன். மெல்லிய பேரிங்கில் இழுத்தாலே யோயோ கைக்கு ஏறிவரும்; அதில் எறிதல் நேரான பிறகு, அகலமானதை மாட்டி அதே யோயோவில் பைண்டைத் தொடங்கலாம்.