செல்டாவா, செர்ட் டெசாலா, ஆன்லைன் டெஃபலா?

ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்கப் பயிற்சி தேடுகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால், நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: "அந்தப் பயிற்சியில் நிஜ மாணவர்கள் முன்னால் எத்தனை மணி நேரம் நிற்பீர்கள்? அதைப் பார்த்துக் குறை நிறை சொல்லப்போவது யார்?" சான்றிதழின் பெயரெல்லாம் அப்புறம்.

இப்படிப் பார்த்தால் கேம்பிரிட்ஜ் வழங்கும் செல்டா, டிரினிட்டி காலேஜ் லண்டன் வழங்கும் செர்ட் டெசால் ஆகிய இரண்டு ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ்களும் ஏறக்குறைய சமம். பிரிட்டனின் தகுதி அடுக்கில் இரண்டும் 5ஆம் நிலை. செல்டாவுக்குக் குறைந்தது 120 மணி நேரப் பயிற்சி, செர்ட் டெசாலுக்கு 130. மதிப்பீட்டுக்கு உட்பட்ட வகுப்பு இரண்டிலும் 6 மணி நேரம். முழுநேரமாகச் சேர்ந்தால் நான்கைந்து வாரத்தில் முடிந்துவிடும், அந்த வாரங்களில் தூக்கம் குறையும்.

6 மணி நேரம் என்பது கேட்பதற்குக் கொஞ்சமாகத் தெரியும். ஆனால் ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "ஷி யூஸ்டு டு வொர்க் ஹியர்" (அவள் முன்பு இங்கே வேலை செய்துவந்தாள், இப்போது இல்லை) என்ற வாக்கியத்தை விளக்கிவிட்டு, "புரிந்ததா?" என்று கேட்கிறீர்கள். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். பின்வரிசையில் இருக்கும் பயிற்சியாளர் அதைக் குறித்துக்கொள்கிறார். வகுப்பு முடிந்ததும் அவர் சொல்வார்: "புரிந்ததா என்று கேட்காதீர்கள். அவள் இப்போது இங்கே வேலை செய்கிறாளா, முன்பு செய்தாளா, ஒரு நாள் மட்டும் செய்தாளா என்று கேளுங்கள்." அடுத்த வகுப்பில் கேட்டுப் பார்த்தால், தலையாட்டியவர்களில் பாதிப் பேர் அவள் இன்னும் இங்கேதான் வேலை செய்கிறாள் என்கிறார்கள். இதைப் புத்தகத்தில் படிக்கலாம்தான். ஆனால் தான் செய்த தவறை இன்னொருவர் சுட்டிக்காட்டும்போதுதான் அது கைவசமாகிறது.

சரி, இரண்டுக்கும் வேறுபாடு எங்கே? வேலை விளம்பரங்களில் அதிகம் புழங்கும் பெயர் செல்டா. "செல்டா அல்லது அதற்கு இணையானது" என்றுதான் பல இடங்களில் போடுகிறார்கள், அந்த 'இணையானது' என்பதில் செர்ட் டெசாலும் அடங்கும். செல்டா வயதுவந்த மாணவர்களை மனதில் வைத்து அமைக்கப்பட்டது. நான்கு எழுத்துப் பணிகள் உண்டு, தேர்ச்சியிலும் ஏ, பி என்று மேல்படிகள் உண்டு.

செர்ட் டெசாலில் என்னைக் கவர்ந்தது வேறு ஒரு பகுதி. பயிற்சி பெறுகிறவர் தனக்குத் துளியும் தெரியாத ஒரு மொழியில் நான்கு மணி நேரம் மாணவராக உட்கார வேண்டும், அந்த அனுபவத்தைக் குறிப்பேடாக எழுதித் தர வேண்டும். ஆசிரியர் பேனாவைக் காட்டி ஏதோ சொல்கிறார். அது 'பேனா'வா, 'நீலம்' என்ற நிறமா, 'எடு' என்ற கட்டளையா? பக்கத்தில் இருப்பவர் பதில் சொல்லிவிடுகிறார், உங்களுக்கு நாக்கு எழவில்லை. முதல் நாள் வகுப்பில் வாயே திறக்காத மாணவரை மந்தம் என்று முத்திரை குத்தாமல் இருக்க இந்த நான்கு மணி நேரம் போதும். தொடக்கநிலை மாணவர்களுக்கு எடுக்கப்போகிறவர் என்றால், இந்த ஒன்றுக்காகவே நான் செர்ட் டெசாலைச் சொல்வேன்.

கேம்பிரிட்ஜின் டி.கே.டி. (டீச்சிங் நாலெட்ஜ் டெஸ்ட்) என்று இன்னொன்றும் உண்டு. அது பயிற்சியே அல்ல, தேர்வு. ஒவ்வொரு பகுதிக்கும் 80 நிமிடத்தில் 80 கேள்விகள். தேர்ச்சி, தோல்வி கிடையாது, 1 முதல் 4 வரை ஒரு நிலை தருவார்கள். ஏற்கெனவே பள்ளியில் பாடம் எடுப்பவர்கள் கலைச்சொற்களை ஒழுங்குபடுத்திக்கொள்ள இது உதவும். வகுப்பை யாரும் வந்து பார்க்க மாட்டார்கள்.

ஆன்லைன் டெஃபல் விஷயத்தில்தான் எனக்கு உண்மையிலேயே கவலை. டெஃபல் என்பது ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பித்தல் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான், அந்தப் பெயர் எந்த ஒரு அமைப்புக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் '120 மணி நேரம்' என்று போட்டு விற்கலாம். காணொளி பார்த்து, சரியான விடையைத் தேர்ந்தெடுத்து, ஒரு மாணவரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் சான்றிதழ் வாங்கியவர்கள் நிறைய. முதல் வகுப்பில் அவர்கள் திணறுவதைப் பார்க்கப் பாவமாக இருக்கும், எதிரே உட்கார்ந்திருக்கும் மாணவர்கள் நிலை அதைவிடப் பாவம். ஆன்லைன் என்பதே குறை என்று சொல்லவில்லை. செல்டாவையே இப்போது ஆன்லைனில் படிக்கலாம், ஆனால் அங்கே திரைக்கு அந்தப் பக்கம் நிஜ மாணவர்கள் இருக்கிறார்கள். அதனால் பணம் கட்டும் முன் நிறுவனத்துக்கு ஒரு கேள்வி அனுப்புங்கள்: "நான் எடுக்கும் வகுப்பை யார் பார்ப்பார், எத்தனை முறை?" நேரான பதில் வராவிட்டால் அங்கே சேர வேண்டாம்.