டிஐசி-யில் பிரிசமும் கண்டென்சரும் ஜோடி சேர்வது: ஆறு வருட அனுபவம்

நேர்நிலை மைக்ராஸ்கோப் ஒன்றில் ஆறு வருடமாக டிஐசி வைத்துப் பார்த்து வருகிறேன். ஒளியை இரண்டு கதிராகப் பிரித்து மறுபடி சேர்த்து, சாயமில்லாத பொருளையும் புடைப்பாகக் காட்டும் முறை அது. சாயம் ஏற்றாத செல்கள், டையாட்டம்கள் எனும் நுண்பாசிகள், குளத்து நீரில் இருக்கும் ஒருசெல் உயிரிகள், பெரும்பாலும் இவைதான் நான் பார்ப்பவை. கருவியை முழுத் தொகுப்பாக வாங்கவில்லை. உடல் ஒரு இடத்தில், கண்டென்சர் (ஸ்லைடுக்குக் கீழிருந்து ஒளியைக் குவிக்கும் பாகம்) இன்னொரு இடத்தில், பிரிசங்கள் கிடைத்தபோது கிடைத்தவை என்று பழைய சாமானாகச் சேர்த்தேன். இந்த ஆறில் இரண்டு வருடத்துக்கும் மேலாக, கண்டென்சருக்குப் பொருந்தாத பிரிசத்தோடுதான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். படம் வந்தது, புடைப்பும் தெரிந்தது, அதனால் சந்தேகமே எழவில்லை. அதே வழியில் சேர்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்காவது அந்த இரண்டு வருடம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நடந்தது இது. முதலில் என்னிடம் இருந்தது என்.ஏ. (லென்ஸ் கையாளும் ஒளிக்கூம்பின் அகலத்தைச் சொல்லும் எண்) 0.9 உள்ள, எண்ணெய் தேவைப்படாத கண்டென்சர். அதன் சுழல்தட்டில் 20 எக்ஸ், 40 எக்ஸ் ஆப்ஜெக்டிவுகளுக்கு (பொருளுக்கு அருகில் இருக்கும் லென்ஸ்களுக்கு) உரிய பிரிசங்கள் இருந்தன. அப்புறம் 60 எக்ஸ், 1.4 எண்ணெய் ஆப்ஜெக்டிவ் கிடைத்தது. அதை முழுதாகப் பயன்படுத்த 1.4 எண்ணெய் கண்டென்சரும் 60 எக்ஸுக்கான பிரிசமும் தேடிப் பிடித்தேன். பழைய இரண்டு பிரிசங்களையும் கழற்றிப் புதுக் கண்டென்சரின் சுழல்தட்டில் போட்டேன். அளவெடுத்துச் செய்த மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தன. இயந்திர அளவில் பொருந்தியதை ஒளியியல் அளவிலும் பொருந்தியதாக எடுத்துக்கொண்டதுதான் தவறு.

அதற்குப் பிறகு 40 எக்ஸில் பின்புலம் ஒருபோதும் முழுதாக இருளவில்லை. ஆப்ஜெக்டிவ் பிரிசத்தின் திருகை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு சாம்பல் நிறத்தில் போய் நின்றுவிடும். கண்டென்சர் டயாஃப்ரத்தை (ஒளி வரும் துளையைச் சுருக்கும் திரையை) பாதிக்கு மேல் மூடினால் மட்டும் இருட்டு கொஞ்சம் கூடும். ஆனால் அப்போது டையாட்டத்தின் நுண்கோடுகள் மங்கிப்போகும். விளக்கு பழையது, ஆப்ஜெக்டிவ் கண்ணாடியில் உள்ளழுத்தம் இருக்கிறது, அனலைசர் (ஆப்ஜெக்டிவுக்கு மேலே இருக்கும் போலரைசர்) தேய்ந்துவிட்டது என்று ஒவ்வொன்றாகச் சந்தேகித்தேன். அனலைசரை மாற்றியும் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை.

காரணம் புரிய, ஒளி போகும் வழியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். போலரைசரை (ஒளியை ஒரே தளத்தில் மட்டும் அதிர விடும் வடிகட்டியை) தாண்டி வரும் ஒளியை, கண்டென்சரின் முன்குவியத் தளத்தில் இருக்கும் பிரிசம் மிகச் சிறிய கோணத்தில் இரண்டாகப் பிரிக்கிறது. கண்டென்சர் அந்தக் கோணத்தை ஒரு பக்கவாட்டு இடைவெளியாக மாற்றி, இரண்டு கதிர்களையும் பொருளின் வழியாக அருகருகே அனுப்புகிறது. கோணத்தைக் கண்டென்சரின் குவியத் தூரத்தால் பெருக்கினால் அந்த இடைவெளி கிடைக்கும். அது ஆப்ஜெக்டிவ் பிரித்துக் காட்டக்கூடிய எல்லையை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்படி வடிவமைக்கிறார்கள். பொருளைத் தாண்டிய பிறகு ஆப்ஜெக்டிவும் அதன் மேலுள்ள பிரிசமும் அந்த இரண்டையும் மறுபடி ஒன்றாக்க வேண்டும். மேல் பிரிசம் மூடும் இடைவெளி, அதன் கோணத்தை ஆப்ஜெக்டிவின் குவியத் தூரத்தால் பெருக்கியது. இந்த இரண்டு பெருக்கலும் ஒரே விடை தர வேண்டும். பொருத்தம் என்று சொல்வதெல்லாம் இதைத்தான்.

இப்போது கண்டென்சரை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்? என் 1.4 கண்டென்சரின் குவியத் தூரம் பழையதைவிடக் குறைவு. பிரிசம் அதேதான், கோணம் அதேதான், ஆனால் பொருளில் விழும் இடைவெளி சுருங்கிவிட்டது. மேலே இருக்கும் பிரிசமோ பழைய இடைவெளியை எதிர்பார்த்து நிற்கிறது. மிச்சமாகும் வித்தியாசம் ஆப்ஜெக்டிவின் துவாரத்தின் நடுவில் ஒரு அளவு, ஓரத்தில் வேறு அளவு. நடுவில் இருட்டு கிடைத்தாலும் ஓரத்தில் வரும் ஒளி அதைக் கெடுக்கும். டயாஃப்ரத்தை மூடியபோது இருட்டு கூடியது அந்த ஓரத்து ஒளி வெட்டுப்பட்டதால்தான். அறிகுறி இரண்டு வருடமாகக் கண்ணெதிரே இருந்திருக்கிறது.

இதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது கட்டவேறுபாட்டு நுண்ணோக்கலுக்கு வளையத்தை மையப்படுத்தப் பயன்படும் சின்னத் தொலைநோக்கிதான். ஐபீஸுக்குப் பதிலாக வைத்தால் ஆப்ஜெக்டிவின் பின்துவாரத்தையே காட்டும். அதே வேலையைச் செய்யும் பெர்ட்ராண்ட் லென்ஸ் இருப்பவர்களுக்கு அதுவே போதும். சோதனையை இப்போது நான் செய்யும் முறையிலேயே சொல்கிறேன். முதலில் புலம் முழுதும் சீராக ஒளி விழச் செய்யும் கோலர் ஒளியமைப்பைச் சரியாக அமைத்துவிட்டு, ஸ்லைடில் எதுவும் இல்லாத இடம் ஒன்றைப் பார்த்து, 546 நானோமீட்டர் பச்சை வடிகட்டியைப் போடுவேன். இரண்டு பிரிசங்களையும் எடுத்துவிட்டு, போலரைசரையும் அனலைசரையும் குறுக்காக வைத்து, ஐபீஸைக் கழற்றித் தொலைநோக்கியைச் செருகுவேன். உயர் என்.ஏ. ஆப்ஜெக்டிவ் என்றால் துவாரத்தில் ஒரு கருப்புச் சிலுவை தெரிய வேண்டும். சிலுவை உடைந்தோ கோணலாகவோ இருந்தால் லென்ஸில் எங்கோ உள்ளழுத்தம் இருக்கிறது, அல்லது போலரைசர் சரியாகக் குறுக்காக இல்லை. அதைச் சரிசெய்யாமல் மேலே போவதில் பயனில்லை.

அடுத்து ஆப்ஜெக்டிவ் பிரிசத்தை மட்டும் செருகுவேன். துவாரத்தின் குறுக்கே மூலைவிட்டமாக ஒரு கருப்புப் பட்டை ஓடும். அதன் சாய்வையும் அகலத்தையும் மனதில் குறித்துக்கொண்டு, அதை எடுத்துவிட்டுக் கண்டென்சர் பிரிசத்தை மட்டும் கொண்டுவருவேன். அதே சாய்வில், அதே அகலத்தில் இன்னொரு பட்டை தெரிய வேண்டும். என் 40 எக்ஸில் முதல் பட்டை ஒல்லியாகவும் இரண்டாவது நன்றாகவே அகலமாகவும் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் துவாரம் முழுக்க ஒரே சீராக இருள வேண்டிய இடத்தில், நடுவில் இருட்டும் இரண்டு பக்கமும் வெளிச்சமுமாக நின்றது. பழைய 0.9 கண்டென்சரை எடுத்து மாட்டி மறுபடி பார்த்தேன். இரண்டு பட்டையும் ஒரே அகலம். சேர்த்தால் முழு இருட்டு. அன்று எனக்கு ஏற்பட்ட நிம்மதி பெரியது.

இந்தச் சோதனை வேறு சிலவற்றையும் காட்டிக்கொடுக்கும். இரண்டு பட்டைகளின் சாய்வும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருந்தால், ஏதோ ஒரு பிரிசம் அதன் சட்டத்தில் 90 டிகிரி திரும்பி உட்கார்ந்திருக்கிறது. தனித்தனியாகப் பார்க்கும்போது சரியாக இருந்து, சேர்த்ததும் அழியாமல் பட்டைகள் இன்னும் நெருங்கினால் 180 டிகிரி திரும்பியிருக்கிறது. பழைய பிரிசங்களை யாராவது துடைப்பதற்காகக் கழற்றியிருந்தால் இது நடக்கும். துவாரம் சீராக இருந்தும், ஐபீஸில் பார்க்கும்போது ஒரு மூலை இருட்டாகவும் எதிர்மூலை வெளிச்சமாகவும் தெரிந்தால், அது வேறு பிரச்சினை. பிரிசம் உயரம் மாறி இருக்கிறது, குவியத் தளத்தில் விழவில்லை என்று அர்த்தம்.

அந்த உயரம்தான் இயற்பியலாளர் ஜார்ஜ் நோமார்ஸ்கியின் பெயரை இந்த முறையோடு சேர்த்தது. இரண்டு படிக ஆப்புகளை ஒட்டிச் செய்த வோலாஸ்டன் பிரிசத்தில் இரண்டு கதிர்களும் சந்திக்கும் தளம் பிரிசத்துக்கு உள்ளேயே இருக்கிறது. உயர்திறன் ஆப்ஜெக்டிவின் பின்குவியத் தளமோ லென்ஸ் குழலுக்குள் இருக்கிறது. அங்கே பிரிசத்தை வைக்க இடமில்லை. நோமார்ஸ்கி 1950களில், பிரிசத்தின் ஒரு பாதியில் படிக அச்சைச் சாய்வாக வெட்டி, அந்தச் சந்திப்புத் தளத்தைப் பிரிசத்துக்கு வெளியே தள்ளினார். அதனால்தான் நாம் ஆப்ஜெக்டிவுக்கு மேலே ஒரு ஸ்லைடரைச் செருகினாலே போதுமாக இருக்கிறது. உயிரியலாளர் ஜான் சல்ஸ்டனும் உடன் வேலை செய்தவர்களும் சி. எலிகன்ஸ் என்ற சிறு உருளைப்புழுவின் கருவில் ஒவ்வொரு செல்லும் எதிலிருந்து வந்தது என்று கண்ணால் பின்தொடர்ந்து 1983-ல் வெளியிட்டது இந்த ஒளியியலை வைத்துத்தான். உயிரோடு, சாயமில்லாமல், ஒவ்வொரு செல்லின் உட்கருவையும் அடையாளம் காண முடிந்தது. முதல் தடவை படித்ததிலிருந்து எனக்கு டிஐசி மேல் இருக்கும் மதிப்பு குறையவே இல்லை.

வேறு வேறு நிறுவனப் பாகங்களைக் கலக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். 40 எக்ஸ் என்பது எல்லா இடத்திலும் ஒரே குவியத் தூரம் இல்லை. குழல் லென்ஸின் குவியத் தூரத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் அது கிடைக்கும். நிக்கானிலும் லைக்காவிலும் குழல் லென்ஸ் 200 மி.மீ., அதனால் 40 எக்ஸ் என்பது 5 மி.மீ. ஒலிம்பஸில் 180, எனவே 4.5. ஸைஸில் ஏறக்குறைய 165, எனவே 4.1. மேலே எழுதிய பெருக்கலில் இதைப் போட்டாலே பிரிசம் ஏன் பொருந்தாது என்று தெரியும். வேலையைப் பங்கிடும் விதமும் மாறுகிறது. ஒலிம்பஸில் மேலே ஒரே ஸ்லைடர் பல ஆப்ஜெக்டிவுகளுக்குப் பொதுவாக இருந்து, கண்டென்சர் பிரிசம்தான் ஆப்ஜெக்டிவுக்கு ஏற்ப மாறும் அமைப்பு உண்டு. ஸைஸில் கீழே ரோமன் எண்ணிட்ட சில பிரிசங்களே இருந்து, மேலே ஆப்ஜெக்டிவுக்கு ஒரு ஸ்லைடர் வரும். ஆகவே பிரிசத்தின் மேல் ஒரு எண் இருக்கிறது என்று மட்டும் பார்த்து வாங்காதீர்கள். எந்தக் கண்டென்சருக்கு அந்த எண் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

பொருத்தம் சரியானபின் மீதி விஷயங்கள் சின்னவைதான். டயாஃப்ரத்தை ஆப்ஜெக்டிவ் துவாரத்தின் முக்கால் பங்கு திறந்து வைக்கிறேன். 1.4 கண்டென்சரின் முழு என்.ஏ. வேண்டுமென்றால் ஸ்லைடுக்கு அடியிலும் எண்ணெய் வேண்டும். நான் ஒரு மாதம் சோம்பலில் விட்டுப் பார்த்தேன், 60 எக்ஸில் வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறது. பிளாஸ்டிக் தட்டில் செல் வளர்ப்பவர்கள் அடிப்பாகம் கண்ணாடியாக உள்ள தட்டுக்கு மாறித்தான் ஆக வேண்டும். பிளாஸ்டிக்கின் இரட்டை ஒளிவிலகல் எல்லாவற்றையும் கலைத்துவிடும். புடைப்பின் அளவை மாற்ற, பிரிசத்தை நகர்த்தும் திருகைவிட செனார்மான்ட் அமைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. கால் அலைத் தகட்டோடு போலரைசரைச் சுழற்றும் முறை அது. கோணத்தை எழுதி வைத்துக்கொண்டு அடுத்த நாளும் அதே அமைப்புக்கு வர முடிகிறது.

40 எக்ஸுக்கு 1.4 கண்டென்சருக்கென்றே செய்த பிரிசம் போன வருடம் கிடைத்தது. பட்டைகள் ஒத்துப்போகின்றன. ப்ளூரோசிக்மா ஆங்குலேட்டம் என்ற டையாட்டத்தின் ஓட்டுக் கோடுகள், 10 மைக்ரானுக்குள் ஏறக்குறைய 20 வரும் அந்தக் கோடுகள், டயாஃப்ரத்தை மூடாமலேயே இருண்ட பின்புலத்தில் நிற்கின்றன. கோடுகள் இடைவெளியின் திசையிலேயே படுத்திருந்தால் மறைந்துவிடும் என்பதால் மேடையைச் சுழற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். 20 எக்ஸுக்கு உரியது இன்னும் கிடைக்கவில்லை. அதுவரை அந்த ஆப்ஜெக்டிவ் தேவைப்படும் நாளில் பழைய 0.9 கண்டென்சரையே மாட்டுகிறேன். மாற்றி, மையப்படுத்தி, தொலைநோக்கியில் சரிபார்க்கப் பத்து நிமிடம் ஆகிறது.