24 வளையம், 120 தங்கம்: திருகோணமலையில செய்விச்ச 3டி மாடல்

ஏ லெவல் பயோ படிக்கிற தங்கச்சிக்காக உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு சின்ன 3டி பிரிண்டிங் கடையில புரதக்கூடு மாடல் ஒண்டு செய்விச்சன், சும்மா சொல்லக்கூடாது, வேலை அந்தமாதிரி. 2019ல நேச்சர் எண்ட அறிவியல் இதழில வந்த, ட்ராப் எண்ட புரதத்தால கட்டின உள்ள வெறுமையான உருண்டைக் கூடுதான் அது, 11 மூலை உள்ள வளையம் 24, ஒவ்வொண்டும் பக்கத்து 5 வளையத்தோட ரெண்டு ரெண்டு தங்க அயனால கொழுவியிருக்கும், அப்ப மொத்தம் 120, தங்கம் புரதத்தில இருக்கிற சிஸ்டீன் எண்ட அமினோ அமிலத்திட சல்பரை இறுக்கிப் பிடிக்கிறதால கொதிதண்ணிச் சூட்டுக்குக் கிட்டவும் உடையாது, ஆனா செல்லுக்குள்ள இருக்கிற குளூட்டாதயோன் எண்ட பொருள் பட்டா கழண்டிடும், மருந்தை செல்லுக்குள்ள கொண்டுபோக இதை யோசிக்கிறதே அதாலதான்! கடைத் தம்பி அயனுக்குப் பதிலா குட்டிக் காந்தம் வச்சு, ஒவ்வொரு வளையத்திலயும் ஒரு மூலை சும்மா நிக்கிறதைக்கூட சரியாக் காட்டியிருக்கிறார். நிறம் கொஞ்சம் மங்கல், விலையும் கூடத்தான், ஆனா பிள்ளையள் கழட்டிப் பூட்டிப் படிக்க தாராளமாக் குடுக்கலாம்.