1819-ஆ, 1942-ஆ? பையனை எந்தக் காலத்துக்கு அனுப்புவது?

சிறுவர்களுக்குக் காலப்பயண நாவல் ஒன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன். சிங்கப்பூர் தேக்காவில் பாட்டி வீட்டுக்கு வரும் பத்து வயதுப் பையன் பின்னோக்கிப் போகிறான். எந்த ஆண்டுக்கு?

1819 என்றால் சாகசம் தானாக வரும். சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியிருப்பைத் தொடங்கிய ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்திறங்கிய நாராயண பிள்ளை செங்கல் சூளைக்கு இடம் பார்க்கிறார். ஆற்று முகத்துவாரத்தில், யாராலும் வாசிக்க முடியாத எழுத்துகளோடு ஒரு பெரும்பாறை. 1843-இல் அதை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். மிஞ்சிய துண்டு ஒன்று தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. பையன் முழுப் பாறையையும் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு திரும்பினால்? பாதிக் கதை கிடைத்தாயிற்று. ஆனால் அன்றைய பிள்ளைகளின் பேச்சு, விளையாட்டு எல்லாவற்றையும் நான்தான் கற்பனை செய்யவேண்டும்.

1942-இல் அந்தத் தொல்லை இல்லை. ஜப்பானியர் ஆட்சி. ஊர்ப்பெயரே சியோனான். 10 வெள்ளி நோட்டில் வாழைமரம். தட்டில் மரவள்ளிக்கிழங்கு. கடிகாரத்தைக்கூட தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் தள்ளினார்கள். காலப்பயணத்துக்கு இதைவிட வாகான கதவு ஏது? என் பாட்டி கடைசிவரை மரவள்ளியைத் தொடவில்லை. “அப்பவே தின்னு தீர்த்தாச்சுய்யா” என்று தட்டைத் தள்ளிவிடுவார். ஆயிரக்கணக்கானோர் மாண்ட சயாம் மரண ரயில் பாதையைப் போட ஜப்பானியர் ஆள் கொண்டுபோனதைப் பத்து வயதுக்கு எவ்வளவு சொல்வது என்பதுதான் உறுத்துகிறது.

இருந்தாலும் 1942தான். பாறையை விட மனசில்லை. இரண்டாம் பாகத்துக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.