எல்லவில் என் படங்களை விற்கும் கடை

இலங்கை மலைநாட்டில் எல்ல என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒன்பது வளைவு ரயில் பாலத்தை இதுவரை 31 முறை வரைந்துவிட்டேன். 1921இல் அதைக் கட்டி முடித்தவர்கள்கூட இவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டார்கள். எல்லவில் என் படங்களை விற்கும் நினைவுப்பொருள் கடைக்காரர் வேறெதையும் கேட்பதில்லை. விற்றதில் நூற்றுக்கு 40 அவருக்கு. பிரேமும் கண்ணாடியும் என் செலவு. பணம் மட்டும் மாதம் தவறாமல் வருகிறது, அதை மறைக்கக்கூடாது. மழைக்காலத்தில் ஈரம் பிடித்துப் பூத்துப்போன இரண்டு படங்களுக்கு ஈடு எதுவும் தரவில்லை.

அம்மா தேயிலைக் கொழுந்துக் கூடையோடு நிற்கும் படத்தைக் கடைக்காரரிடம் கொடுத்தபோது, "முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வையுங்கள், தம்பி" என்றார். திரும்ப வாங்கிக்கொண்டு பண்டாரவளை பஸ் ஏறினேன். அந்தப் படம் கொழும்பு கலாபொலவுக்கு. 1993 முதல் நடக்கும் அந்த ஓவியத் தெருச்சந்தையில் வாங்குபவரோடு நாமே பேசலாம். கடைக்காரர் இன்னும் 3 பாலம் கேட்டிருக்கிறார். வரைந்துகொண்டிருக்கிறேன்.